பெரியப்பாவின் சதாபிஷேகப் பதாகை

சித்தப்பா: அச்சகத்தார் மாலை ஆறு மணிக்குள் பதில் கேட்கிறார். பதாகையின் ஆங்கில வரிக்கு 'ஹோமேஜ்' என்று பெங்களூரு தம்பி எழுதித் தந்திருக்கிறான். அப்படியே அச்சிடச் சொல்லலாமா?

பெரிய அக்கா: வேண்டாம். மாலையணிந்த படத்துக்குக் கீழே அந்தச் சொல்லைப் பார்த்தால், ஊரார் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

பெங்களூரு தம்பி: உயிரோடிருப்பவருக்கும் அது உரியதுதான் அக்கா. 2023 மே 6 அன்று லண்டனில் சார்லஸ் மன்னர் முடிசூடியபோது, இளவரசர் வில்லியம் தந்தையின் முன் மண்டியிட்டுச் செலுத்தியதும் 'ஹோமேஜ்' தான்.

கும்பகோணம் மாமா: தம்பி சொல்வது உண்மை. இடைக்கால ஐரோப்பாவில் குறுநிலத் தலைவன் ஒருவன் மண்டியிட்டு, கூப்பிய கைகளைத் தன் பிரபுவின் கைகளுக்குள் வைத்து, 'இனி நான் உங்கள் ஆள்' என்று உறுதி கூறிய சடங்குக்கே முதலில் அப்பெயர் வழங்கியது. மனிதனைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் வேர். ஆனால் நம் நாட்டு ஆங்கில நாளேடுகள், தலைவர்களின் நினைவு நாளில் சமாதியில் மலர் தூவுவதையே பெரும்பாலும் அப்படி எழுதுவதால், இங்கே அது 'அஞ்சலி' என்றே படும். வாழ்பவருக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு 'ஃபெலிசிடேஷன்' என்பதே நம் வழக்கம். இங்கிலாந்தில் அச்சொல் வாழ்த்துவதை மட்டுமே குறிக்கும். மேடையும் சால்வையும் அதனுடன் சேர்ந்தது இந்தியாவில்தான்.

சித்தி: எழுத்துக்கூட்டலை மாமாவே அனுப்பட்டும். ஒரு பள்ளி விழாவில் 'ஃபெசிலிடேஷன்' என்று பெரிதாக அச்சிட்டிருந்ததை நானே பார்த்தேன்.

கும்பகோணம் மாமா: அது ஒரு செயலை எளிதாக்கித் தருவதைக் குறிக்கும் வேறு சொல். எழுதி அனுப்புகிறேன்.

அத்தை: சொல் எதுவாகவும் இருக்கட்டும். மணிவிழா அழைப்பிதழில் விடுபட்ட எங்கள் வீட்டுப் பெயர், இம்முறையாவது அழைப்போர் வரிசையில் இடம்பெறுமா?

சித்தப்பா: இடம்பெறும் அக்கா. அப்படியானால் 'ஃபெலிசிடேஷன்' என்றே சொல்லிவிடட்டுமா?

பெங்களூரு தம்பி: 'டிரிப்யூட்' என்று போட்டால் என்ன? அது வாழ்பவருக்கும் மறைந்தவருக்கும் பொது.

பெரிய அக்கா: பொது என்பதுதான் சிக்கல். எண்பது வயதை நிறைவு செய்தவரை வாழ்த்தும் பதாகையில் ஐயத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

சித்தி: எனக்கும் அதே கருத்துதான்.

பெங்களூரு தம்பி: மாமா முடிவாகச் சொல்லட்டும்.

சித்தப்பா: மாமாவின் தொலைபேசி அணைந்திருக்கிறது. அச்சகத்தாரை ஏழு மணி வரை பொறுக்கச் சொல்கிறேன்.