வாராவாரம் வெலாசிட்டி: மனதை விட்டுப் போகாத ஒரு மீட்டிங்கைச் சொல்லுங்கள்

பள்ளிக்கரணைவாசி:

மிக்ஜாம் புயல் வாரம், 2023 டிசம்பர். எங்களுக்கு ஒரு வார ஸ்ப்ரின்ட், அதாவது வாரா வாரம் திட்டம் போட்டு முடிக்கும் தவணை. ஞாயிறு ராத்திரி பிடித்த மழை திங்கள் முழுக்கக் கொட்டியது. கரன்ட் போனது, பின்னாலேயே டவரும் போனது. டீமில் பாதிப் பேர் வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம். ஒருத்தர் கைக்குழந்தையோடு படகில் வெளியே வந்தார். வியாழக்கிழமைதான் ஒவ்வொருவராக வாட்ஸப்பில் தலைகாட்டினார்கள்.

அடுத்த வாரம் கிளையன்ட் கால். ஸ்கிரீனில் வழக்கமான வெலாசிட்டி சார்ட், அதாவது ஒவ்வொரு ஸ்ப்ரின்ட்டிலும் எத்தனை பாயின்ட் (வேலையின் அளவுக்கு டீமே போடும் எண்) முடித்தோம் என்ற கணக்கு: 35, 38, 36, அப்புறம் 9. அந்தப் பக்கத்து மேனேஜர் மவுஸை அந்தக் குட்டைக் கம்பத்தின் மேல் வைத்து வட்டம் வட்டமாகச் சுற்றினார். "இங்கே என்ன ஆச்சு?" நான் மியூட்டை எடுப்பதற்குள் எங்கள் டெலிவரி மேனேஜர் முந்திக்கொண்டார். "சின்ன டிப்தான், அடுத்த ரெண்டு ஸ்ப்ரின்ட்டில் ரிகவர் பண்ணிடுவோம்."

புயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் மேனேஜர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஏறியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. கேட்டவர் கெட்ட மனிதர் இல்லை, விஷயத்தைச் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார். சொல்லாததால் அந்த 27 பாயின்ட்டும் கடன் மாதிரி எங்கள் தலையில் ஏறியது. வீட்டுச் சேற்றைக் கழுவ வேண்டிய சனி ஞாயிறெல்லாம் லேப்டாப் முன்னால் போனது.

டெஸ்டர்_கவி:

உங்கள் மேனேஜராவது இருந்த எண்ணைக் காட்டினார். எங்கள் இடத்தில் இல்லாத எண்ணையே காட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒவ்வொரு வேலையும் (ஸ்டோரி என்போம்) ஒரு கார்டாக நிற்கும் போர்டை மூடும் நேரம். ஒரு பேமென்ட் ஸ்டோரி, 8 பாயின்ட், டெஸ்டிங்கில் என் பெயரில் நிற்கிறது. ரீஃபண்ட் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை போகிறது என்று பக் போட்டு வைத்திருக்கிறேன். லீட் என் சீட்டுக்கு வந்தார். "ஒரு நிமிஷம்மா" என்று மவுஸை வாங்கி, கார்டை இழுத்து 'டன்' (முடிந்தது) என்ற கட்டத்தில் விட்டார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அங்கேயே நின்றபடி ஒரு புது கார்டும் போட்டார்: 'பேமென்ட் - மீதி டெஸ்டிங்', 3 பாயின்ட். அந்த 8-லேயே டெஸ்டிங்கும் சேர்த்துத்தான் எஸ்டிமேட் கொடுத்தோம். ஒரே வேலைக்கு இந்த வாரம் 8, அடுத்த வாரம் 3. திங்கட்கிழமை அந்த சார்ட்டைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

நெல்லை_தேவ்:

@பள்ளிக்கரணைவாசி, மேனேஜர் மேல் மட்டும் பழியைப் போட்டால் சரியாக வராது. அவருக்குப் பின்னால் இன்னொரு டீமின் எண் நின்றிருக்கும். இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் அக்கவுன்ட்டில் இரண்டு டீம். ஒரு நாள் ஒரே ஸ்லைடில் இரண்டையும் போட்டார்கள்: நாங்கள் 42, வேறு ஊர் டீம் 90. அவர்கள் 8 போடும் வேலைக்கு நாங்கள் 3 போடுவோம். பாயின்ட் என்பது ஒரு டீம் தனக்குள் ஒத்துக்கொண்ட அளவு, இன்னொரு டீமோடு ஒப்பிட அது ஆகாது. இதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த பிளானிங் போக்கர்தான் எனக்கு மறக்கவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் எண் கார்டு காட்டி பாயின்ட்டை முடிவு செய்யும் மீட்டிங் அது. லாகின் பேஜில் ஒரு எரர் மெசேஜை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. எல்லோரும் கார்டைத் திருப்பினோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் 2 காட்டியது. சுற்றிலும் எல்லாம் 8. அது ஒவ்வொரு கார்டாகப் பார்த்தது, ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தன் 2-ஐக் கவிழ்த்து வைத்துவிட்டு 8-ஐ எடுத்தது. அந்த காலாண்டு முடிவதற்குள் எங்கள் வெலாசிட்டி 85 ஆனது. பாராட்டு மெயில் வந்தது. ரிலீஸ் நோட்டில் போன ஐட்டங்கள் முன்னைவிட ஒன்றுகூட அதிகம் இல்லை.

கன்பான்_ரகு:

என் அனுபவம் சின்னது. ஒரு ஸ்டோரி 5-ஆ 8-ஆ என்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவு வருவதற்குள் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அந்த வேலையையே முடித்து, கோடைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் போட்டுவிட்டார். அன்றைக்கே எனக்குப் பாயின்ட் மேல் இருந்த நம்பிக்கை போனது.

நண்பர்களே, பாயின்ட்டை விட்டுவிடுங்கள். ஸ்ப்ரின்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் கையேடான ஸ்க்ரம் கைடில் ஸ்டோரி பாயின்ட் என்று ஒன்று கிடையாது. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு மென்பொருள் முறையின் ஆட்களிடமிருந்து வந்தது அது. அவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், இதைத் தான் கண்டுபிடித்திருந்தால் அதற்காக வருந்துவதாக 2019-ல் எழுதியே விட்டார். அவர்கள் ஆரம்பத்தில் வைத்திருந்த கணக்கு எளிமையானது: போன வாரம் எவ்வளவு முடிந்ததோ, இந்த வாரமும் ஏறக்குறைய அவ்வளவுதான் முடியும், அதற்கு மேல் எடுக்காதே. வேலையைக் குறைத்து எடுக்கச் சொன்ன எண் அது. கூடுதலாக வேலை வாங்க மேனேஜர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வாரத்துக்கு எத்தனை கார்டு முடிந்தது என்று மட்டும் எண்ணுங்கள். 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி ஒன்று இருக்கிறது. கையில் நிற்கும் வேலையை, வேலை முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலைக்கு ஆகும் சராசரி நேரம் வரும். போர்டில் 20 கார்டு நடந்துகொண்டிருக்கிறது, வாரம் 5 முடிகிறது என்றால் ஒரு கார்டுக்கு 4 வாரம். நடப்பதை 10-ஆகக் குறைத்து, அதே 5 முடிந்தால் 2 வாரம். யாரையும் விரட்ட வேண்டாம், புதிதாக ஆரம்பிப்பதைக் குறைத்தாலே போதும். எத்தனை டீமுக்கு இதைச் சொல்லியிருப்பேன், கேட்க ஆள் இல்லை.

@பள்ளிக்கரணைவாசி, உங்கள் பிரச்சினைக்கு பிவோட்டல் டிராக்கர் என்ற போர்டு டூலில் அந்தக் காலத்திலேயே வழி இருந்தது. 2025 ஏப்ரலோடு அதை மூடிவிட்டார்கள் என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம். வழக்கமாகக் கடைசி 3 வாரச் சராசரியைத்தான் அது வெலாசிட்டி என்று காட்டியது. வாரத்துக்கு வாரம் டீமின் பலம் எத்தனை சதவீதம் என்றும் குறிக்க முடிந்தது. புயல் வாரத்துக்கு 25 சதவீதம் என்று போட்டிருந்தால், உங்கள் 9 பாயின்ட் 36-க்குச் சமமாகக் கணக்காகி, சராசரி அசைந்தே இருக்காது. பொங்கல் வாரத்துக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். பக்குகளுக்கு அது வழக்கமாகப் பாயின்ட்டே கொடுத்ததில்லை, அதுவும் சரிதான். பக் அதிகமானால் வெலாசிட்டி தானாக இறங்கும், தரம் குறைவது கண்ணில் படும். அப்புறம், ஆள்வாரியாகப் பிரித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

கோவை_மலர்:

@கன்பான்_ரகு, கார்டை எண்ணினால் மட்டும் என்ன? கார்டை உடைப்பார்கள். பட்டனின் நிறம் ஒரு கார்டு, பட்டனின் எழுத்து ஒரு கார்டு என்று நானே போர்டில் பார்த்திருக்கிறேன். எதை எண்ணினாலும் அதை வைத்து அப்ரைசல் என்று தெரிந்த நிமிஷமே எண் கெட்டுவிடும்.

ஆனால் எண்ணே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, என்னைக் காப்பாற்றியதே அதுதான். துணிக்கடை ஆப். தீபாவளிக்கு 6 வாரம் இருந்தது, 72 கார்டு பாக்கி. "எல்லாம் வேணும் மேடம், ஆள் வேணா போட்டுக்குங்க" என்றார் ஓனர். எங்கள் டீம் மோசமான வாரத்தில் 6 கார்டு முடிக்கும், நல்ல வாரத்தில் 9. வெள்ளைப் பலகையில் 36, 54 என்று இரண்டே எண் எழுதினேன். "36 நிச்சயம். அதிர்ஷ்டம் இருந்தால் 54. 72 வராது. முதல் 36 எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்து மார்க்கரை வாங்கி, கார்டு பட்டியலில் கிஃப்ட் ராப், விஷ்லிஸ்ட், லாயல்டி பாயின்ட் என்று ஒவ்வொன்றாக அவரே அடித்தார். சைஸ் மாற்றித் தருவதை மட்டும் அடிக்கவில்லை. "இது இல்லாட்டி கடையில் வந்து சண்டை போடுவாங்க" என்றார். தீபாவளிக்கு முன்னால் 40 கார்டோடு ஆப் வெளியே போனது. டீமில் ஒருவரும் ராத்திரி தங்கவில்லை.

பள்ளிக்கரணைவாசி:

@நெல்லை_தேவ், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஒப்பந்தத்தில் வெலாசிட்டி குறைந்தால் பில்லில் பிடிப்பார்கள், அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது.

@கன்பான்_ரகு, டூல் கிளையன்ட்டுடையது, எங்களுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. சதவீதத்தை எங்கே போடுவது? அது இருந்திருந்தாலும், புயல் அடித்தது என்று ஒருவர் வாய் திறந்து சொன்னால்தானே 25 என்று போட முடியும்?

டெஸ்டர்_கவி:

மலர் மேடம், ஒரு சந்தேகம். வாரக் கடைசியில் பாதியில் நிற்கும் ஸ்டோரிக்குப் பாதிப் பாயின்ட் கொடுக்கலாமா? இங்கே தினமும் இதற்குத்தான் சண்டை.

கோவை_மலர்:

கூடாதும்மா. முடியாத கார்டுக்கு அந்த வாரம் பூஜ்யம், முடிகிற வாரத்தில் முழு 8. ஒரு வாரம் குறைவாகத் தெரியும், அடுத்த வாரம் ஏறும், சராசரி எடுத்தால் சமமாகிவிடும். பாதி கொடுக்க ஆரம்பித்தால் 'தொண்ணூறு சதவீதம் முடிந்தது' என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். அது கிடக்கட்டும், அந்த ரீஃபண்ட் பக் கடைசியில் என்ன ஆச்சு?

டெஸ்டர்_கவி:

ப்ரொடக்‌ஷனுக்குப் போய்விட்டது மேடம். மாதக் கணக்கு ஒப்பிடும்போது ஃபைனான்ஸ்காரர்கள் பிடித்தார்கள். ஹாட்ஃபிக்ஸுக்கு (அவசரத் திருத்தம்) தனி கார்டு போட்டார்கள், 5 பாயின்ட்.