கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கடலுக்குப் போவது வீணா?

பரந்தன் பொடியன்:
மாரியில் குளம் நிரம்பி, மிகுநீரை வெளியேற்றும் வான் கதவைத் திறந்தால் அவ்வளவு தண்ணீரும் சுண்டிக்குளம் பக்கம் போய்விடுகிறது. சிறுபோகத்துக்கோ, அதாவது கோடை நெற்செய்கைக்கோ, எல்லா வயலுக்கும் கிடைப்பதில்லை. அணைக்கட்டை இன்னும் உயர்த்தி மறித்தால் என்ன?

முரசுமோட்டைக் கமக்காரன்:
வீண் என்று சொல்லாதீர்கள் தம்பி. அந்த நன்னீர் போய்க் கலப்பதால்தான் சுண்டிக்குளம் களப்பில் (கடலோர உப்புநீர் ஏரியில்) உப்புத் தணிந்து இறாலும் மீனும் வளருகின்றன, வலசை வரும் பறவைகளுக்கும் அங்கேதான் இரை, 1938 இலேயே சரணாலயமாக்கிய இடம் அது. ஆனால் 2018 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியாது. மழைக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும், கீழே இருக்கும் சனத்துக்கு நேரத்தோடு அறிவிக்கவும் வேண்டும்.

மாங்குளம் வாசி:
அண்ணை சொல்வது சரி. மேலே குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றோரக் காட்டை வெட்டி மணலையும் அள்ளினால், அணைக்கட்டை எவ்வளவு உயர்த்தினாலும் குளத்தில் வண்டல்தான் சேரும். முதலில் அதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.