சுவாசிக்கும் காற்றில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, சட்டைக் காலரில் காற்று மாதிரிக் கருவி மாட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா?

பம்ப்காரன்:
கொரோனா இரண்டாம் அலை. வார்டு செவிலியர்களின் இடுப்பில் பம்ப், தோள் வழியாக டியூப், காலரில் ஃபில்டர் கேசட், அதாவது இழுக்கும் காற்றில் இருப்பதைப் பிடித்து வைக்கும் சின்ன டப்பா. மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்ததுதான். ஷிஃப்ட் முடிந்து பம்பின் பதிவைப் பார்த்தால் நடுவில் ஒரு இடைவெளி. சிஸ்டரிடம் கேட்டேன். "சளி உறிஞ்சப் போனேன் சார். பம்ப் சத்தம் கேட்டு அந்தத் தாத்தா பயந்துட்டார். 'என் மூச்சையா இழுக்குது'ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். பம்பை ஆஃப் பண்ணிட்டேன்." நோயாளியின் முகத்துக்கு நேரே குனிந்ததும், அவர் இருமித் தள்ளியதும் அந்த இடைவெளியில்தான். ஆய்வக முடிவு: 'வைரஸ் கண்டறியப்படவில்லை'. அந்தத் தாளை வைத்து நிர்வாகம் என்ன பேசியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

நைட் ட்யூட்டி:
நானும் அதைக் கட்டிக்கொண்டு ஓடியவள்தான். பிபிஇ உடைக்கு மேல் பெல்ட், குனிந்தால் பம்ப் விலாவில் இடிக்கும். கடைசியில் ஒரு தம்பி வந்து கேசட்டைக் கழற்றி, இரண்டு முனையையும் மூடியால் அடைத்து, ஜிப் கவரில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். மேலே என் பெயர் இல்லை, ஒரு நம்பர். அந்த நம்பருக்கு என்ன வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பம்ப்காரன் சார், உங்க சிஸ்டருக்காவது சொன்னீங்களா?

மைனஸ் எண்பது:
ஆய்வகத்தில் கேசட் திறக்கிற ஆள் நான். ஒருமுறை ஜெலட்டின் ஃபில்டர் ஈரம் குடித்து அடித்தட்டோடு ஒட்டிப்போய் வந்தது, சுரண்டித்தான் எடுத்தேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் பம்ப்காரன் அந்த இடைவெளியை மட்டும் குற்றம் சொல்வதை ஏற்க மாட்டேன். பம்ப் நிற்காமல் ஓடியிருந்தாலும் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 8 மணி நேரத்துக்கு 960 லிட்டர். ஓடியாடி வேலை செய்கிறவர் அதே நேரத்தில் சுமார் 10,000 லிட்டர் மூச்சிழுக்கிறார். பத்தில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதக் கூடாது. 'இந்த அளவுக்குக் கீழே', அதாவது நம்மால் கண்டறிய முடிகிற அளவைவிடக் குறைவு என்றுதான் எழுத வேண்டும்.

இன்னொன்று. பிசிஆர் சோதனை காட்டுவது வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவை. அது உயிர்ப்போடு இருந்ததா என்பது வேறு கேள்வி. ஃபில்டர் வழியாக மணிக்கணக்கில் காற்று போனால் வைரஸ் காய்ந்து செயலிழந்துவிடும். காயாமல் பிடிக்கத்தான் ஜெலட்டின் ஃபில்டர், அல்லது திரவத்தில் பிடிக்கும் கண்ணாடிக் கருவி. பின்னதைக் காலரில் மாட்டுவது எளிதில்லை! துகள் அளவும் தெரிய வேண்டுமானால் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வடிவமைத்த, காற்றைச் சுழற்றித் துகள்களைப் பிரிக்கும் சைக்ளோன் கருவி இருக்கிறது. 4 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல், 1 முதல் 4 வரை, 1-க்குக் கீழ் என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும். பம்ப் காற்றிழுக்கும் வேகத்தை மாதிரி எடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். வழியில் மாதிரி மாசுபட்டதா என்று ஒப்பிட, திறக்காத வெற்று கேசட் ஒன்றையும் கூடவே அனுப்புங்கள், எத்தனை பேர் அனுப்புகிறீர்கள்? ஹைதராபாத், மொஹாலி மருத்துவமனைகளில் சிசிஎம்பி, இம்டெக் ஆகிய அரசு ஆய்வு நிறுவனங்கள் காற்றைச் சோதித்தபோது, அறையில் தொற்றாளர்கள் கூடக்கூட வைரஸ் கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. ஆகவே அறையில் எத்தனை பேர், யாருக்கு இருமல் என்று எழுதாமல் வரும் மாதிரியை நான் பாதி மாதிரி என்றுதான் சொல்வேன்.

நைட் ட்யூட்டி:
நான் கேட்டது இது இல்லையே சார்.

கொட்டகை:
வார்டு பரவாயில்லை. பறவைக் காய்ச்சல் பயத்தில் கோழிப் பண்ணையில் மாட்டினோம். இறகுத் தூசியும் தீவனத் தூசியும் அடைத்து, மதியத்துக்குள் பம்ப் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. கூண்டுக்கடியில் எச்சம் அள்ளிக்கொண்டிருந்த அண்ணன் நிமிரவே இல்லை. "மிஷின் நின்னுடுச்சு, சரி. என் மூக்கு நிக்கலையே" என்றார். மைனஸ் எண்பது, இதற்கும் 'இந்த அளவுக்குக் கீழே' என்று எழுதுவீர்களா?