போட்டி வைச்சால் ஜிம் நிறையுமாம்! அப்ப அந்த ஒண்டரை லீற்றர் போத்தல்?

கண்டாவளையான்:
எங்கட ஜிம் மாஸ்ரர் நேற்று இரவு முகநூலில ஒரு பதிவு போட்டிருக்கிறார். "30 நாள் எடை குறைப்புப் போட்டி வைச்சபடியாத்தான் எங்கட ஜிம்மில ஆக்கள் நிலைச்சு நிக்கினம், வன்னியில இருக்கிற மற்ற ஜிம்காரரும் இதைத்தான் செய்ய வேணும்" எண்டு. வாசிச்ச நேரம் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. அந்தப் போட்டியில ரெண்டாவதா வந்தவன் நான். முதலாவதா வந்தவர் 96.4 கிலோவில இருந்து 90க்கு இறங்கினார். 6.4 கிலோ. நான் 84.2இல இருந்து 78.4. 5.8 கிலோ. வித்தியாசம் வெறும் 600 கிராம். தோத்தாத் தோத்ததுதான், அதுக்கு அழுகிறவன் நானில்லை. ஆனா முதல் நாள் தராசில ஏற முன்னம் அந்த ஆள் ஒண்டரை லீற்றர் தண்ணிப் போத்தல் ஒண்டை நிண்ட நிலையில குடிச்சு முடிச்சதை என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான். ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. ஒண்டரை லீற்றர் ஒண்டரைக் கிலோ. 6.4இல ஒண்டரையைக் கழிச்சா 4.9. இப்ப சொல்லுங்கோ, கிண்ணம் ஆற்ற வீட்டில இருக்க வேணும்?

இரும்பு மாஸ்ரர்:
பதிவு போட்டது நான்தான், ஒளிக்கத் தேவையில்லை. போட்டிக்கு முன்னம் பின்னேரத்தில 12 பேர் வந்தா அதே பெரிய காரியம். போட்டி அறிவிச்ச கிழமையே 40 பேர். பெடியள் வரிசையில நிண்டு ட்ரெட்மில் ஏறினதை நீங்களும் கண்டனீங்கள் அண்ணை. தை மாசம் காசு கட்டிச் சேர்ந்து மாசியோட காணாமல் போற சனத்தை ஒரு மாசம் பிடிச்சு வைச்சிருக்கிறது சும்மா விசயமில்லை. போத்தல் கதை: அது வகுப்பு முடிஞ்ச பிறகு குடிச்சது.

கண்டாவளையான்:
வகுப்பு முடிஞ்ச பிறகு குடிச்சதெண்டால், வெறும் போத்தல் தராசுக்குப் பக்கத்து யன்னல் கட்டில எப்பிடி முதலே வந்து படுத்திருந்தது? நீல மூடி. எடுத்துக் குப்பைக் கூடைக்குள்ள போட்டவனே நான். அடியில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

பாலைப்பழம்:
அண்ணையவை, போத்தலை ஒருக்கால் ஓரமா வைப்பம். முதல் நிறுவை பின்னேரம் 5 மணிக்கு, கடைசி நிறுவை காலம்பற 6 மணிக்கு வெறும் வயித்தில. சரிதானே? ஒரே ஆளைப் பின்னேரமும் அடுத்த நாள் காலமையும் நிறுத்துப் பாருங்கோ. மத்தியானச் சோறு, தேத்தண்ணி, இரவு வேர்வை எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ சும்மா மாறும். அதுக்கு மேல ஒண்டு: ஒரு கிலோ கொழுப்பு எண்டா ஏறக்குறைய 7700 கலோரி. 6.4 கிலோவும் கொழுப்பா இருக்கோணுமெண்டால் 30 நாளும் நாளொண்டுக்கு 1600 கலோரிக்கு மேல பற்றாக்குறை வேணும். 5.8க்கும் 1490 கிட்ட. ரெண்டு பேரும் முதல் கிழமை சோத்தை நிப்பாட்டினீங்கள். சோத்தை நிப்பாட்டினா உடம்பு தசையில சேர்த்து வைச்ச மாச்சத்துக் கரையும். அது ஒரு கிராம் கரைய மூண்டு கிராம் தண்ணியும் கூடவே போகும். தராசு அதை வடிவாக் காட்டும், கொழுப்பு இருந்த இடத்திலயே இருக்கும். "குறைஞ்சது" எண்டா என்னத்தைச் சொல்லுறியள் எண்டு முதல் முடிவெடுங்கோ.

கண்டாவளையான்:
தங்கச்சி, கணக்குச் சரி. ஆனா நேர வித்தியாசம் எல்லாருக்கும் பொது. சோறு நிப்பாட்டினதும் எல்லாருக்கும் பொது. போத்தல் ஒராளுக்குத்தான்.

பரந்தன் பெடி:
எடை குறைக்கிறது ஒரு போட்டியே? போட்டியெண்டா பெஞ்ச் பிரஸ், வாங்கில மல்லாந்து படுத்துப் பாரக் கம்பியை நெஞ்சில இருந்து மேல தள்ளுறது. பவர்லிஃப்டிங் எண்ட பாரம் தூக்கிற விளையாட்டின்ர சட்டப்படி வைச்சா ஒரு கதைக்கும் இடமில்லை. மூண்டு தரம் தூக்கலாம், அதில சிறந்தது கணக்கு. கம்பி நெஞ்சில வந்து அசையாமல் நிக்கோணும், நடுவர் சொன்ன பிறகுதான் தள்ளலாம், பின்பக்கம் பெஞ்சை விட்டு எழும்பக் கூடாது. 2023இல இருந்து முழங்கை தோள்மட்டத்துக்கு இறங்கோணும் எண்டும் சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் சட்டம் கொண்டு வந்திட்டுது. பாரமான ஆளையும் மெலிஞ்ச ஆளையும் ஒப்பிட அவையிட்ட சூத்திரமும் இருக்கு. போத்தல் குடிச்சாலும் குடிக்காட்டியும் கம்பி பொய் சொல்லாது.

இரும்பு மாஸ்ரர்:
தம்பி, நீர் போன சனி 90 தூக்கினதெண்டு வீடியோ போட்டீர். கம்பி நெஞ்சில நிண்டதோ? பந்து மாதிரித் துள்ளி எழும்பினது.

பரந்தன் பெடி:
நிண்டது. வடிவாப் பாருங்கோ. ஒரு செக்கன் நிண்டது.

ஏ9 லொறி:
அறுவடை முடிய லொறிக்கு அறுபது எழுபது கிலோ மூட்டை தோளில ஏத்துற எங்கட பெடியளைக் கூப்பிட்டா உங்கட பெஞ்சு கிஞ்செல்லாம் ஒரு பக்கம் போயிடும். காசு குடுத்துப் பாரம் தூக்கிற சனத்தை வன்னியில இப்பத்தான் காணுறன்.

பரந்தன் பெடி:
மூட்டை தூக்கித் தூக்கி 45 வயசில நாரி பிடிச்சு ஆசுபத்திரி வாங்கில கிடக்கிற ஆக்களையும் சேர்த்து எண்ணுங்கோ அண்ணை. என்ர அப்பாவும் அதில ஒராள்.

ரொறன்ரோ வன்னியான்:
ஊரில இன்னும் தராசையும் பெஞ்சையும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். உலகம் எங்கயோ போயிட்டுது. கிராஸ்ஃபிட் எண்ட உடற்பயிற்சி முறைக்காரர் 2011இல இருந்து இணையத்திலேயே போட்டி நடத்தினம். அவனவன் தன்ர ஜிம்மில செய்து பெறுபேற்றை அனுப்பலாம். 2017இல ஜேர்மனியில தொடங்கின ஹைரொக்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. ஒரு கிலோமீற்றர் ஓட்டம், பிறகு ஒரு வேலை, இப்பிடி எட்டுத் தரம். பாரவண்டில் தள்ளுறது, இழுக்கிறது, மணல் பை சுமந்து முழங்கால் மடிச்சு நடக்கிறது எல்லாம் வரும். சோடியாவும் செய்யலாம். அதைக் கொண்டு வாங்கோ, ஜிம் நிறையும்.

கண்டாவளையான்:
எட்டுக் கிலோமீற்றர் ஓட்டத்தை சித்திரை வெயிலுக்க இஞ்ச வந்து ஓடிக் காட்டுங்கோ தம்பி, மாலை நான் வாங்குறன். போன முறை வந்து நிண்ட ரெண்டு கிழமையில ஒரு நாள் ஜிம்முக்கு வந்தனீங்கள், அண்டைக்கும் ஏசி இல்லையெண்டு அரை மணித்தியாலத்தில போனனீங்கள். வண்டில் தள்ளுற போட்டியிலயும் ஒராள் முன்கூட்டித் தண்ணி குடிச்சா அதுக்கு நீதி சொல்ல மாஸ்ரர் இருக்கிறார்.

ரொறன்ரோ வன்னியான்:
அந்த ட்ரெட்மில் ஆற்ற காசில வந்ததெண்டு மாஸ்ரரிட்டக் கேளுங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

கண்டாவளையான்:
அந்த ட்ரெட்மில் நாலு மாசமா சேலை போர்த்துக்கொண்டு நிக்குது. பெல்ட் அறுந்து போச்சு.

முல்லை அலை:
நான் முல்லைத்தீவில வேற ஜிம். எங்களுக்கும் போன வருசம் இதே மாதிரி ஒரு எடை குறைப்புப் போட்டி வைச்சவை. பெண்களுக்குக் காலை நேரம். எல்லாற்ற எடையையும் வெள்ளைப் பலகையில பேரோட எழுதி வாசல் பக்கம் மாட்டினவை. அடுத்த நாள் காலம்பற உள்ள போகேக்க, சாமான் வாங்க வந்த ஒராள் பலகைக்கு முன்னால நிண்டு என்ர பேருக்கு நேர விரல் வைச்சு வாசிச்சுக்கொண்டு நிண்டார். நான் திரும்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்ட வந்திட்டன். என்னோட வந்த ஐஞ்சு பேரில மூண்டு பேர் அதோட நிண்டிட்டினம். அதில ஒரு அக்கா சீனி வருத்தக்காரி. வெல்ல வேணுமெண்டு காலமைச் சாப்பாட்டை விட்டிட்டுக் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து, ஸ்குவாட் அடிக்கேக்க கை நடுங்கி வேர்த்துக் கீழ இருந்திட்டா. சீனி போட்ட தேத்தண்ணி குடுத்துத்தான் எழுப்பினம். ஆக்களை நிறுத்தி வைக்கிற போட்டி எண்டு சொல்ல முன்னம், போட்டியால போன ஆக்களையும் எண்ணுங்கோ மாஸ்ரர்.

இரும்பு மாஸ்ரர்:
அது உங்கட ஜிம்மின்ர பிழை தங்கச்சி. எங்களிட்டப் பலகை உள்ளுக்குத்தான் மாட்டினது.

முல்லை அலை:
உள்ளுக்கெண்டால்? பெண்களுக்கு ஒரு உள்ளும் ஆம்பிளையளுக்கு ஒரு உள்ளும் தனித்தனியா இருக்கோ உங்களிட்ட?

கண்டாவளையான்:
அந்தப் பலகையில முதல் நாள் எழுதின 96.4 எண்ட இலக்கத்தை நான் படமெடுத்து வைச்சிருக்கிறன். அது தண்ணியோட எழுதின இலக்கம்.

இரும்பு மாஸ்ரர்:
அண்ணை, உங்களுக்குத் திருப்பித் திருப்பி ஒரே போத்தல்தான். சரி, நீங்கள் மாஸ்ரரா இருந்தா என்ன செய்திருப்பீங்கள்? அதைச் சொல்லுங்கோ.

கண்டாவளையான்:
கேட்டபடியால் சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ. பள்ளிக்கூடத்தில பிள்ளையளை இல்லங்களாப் பிரிச்சு மெய்வல்லுநர் போட்டி வைக்கேக்க ஆயிரம் பிள்ளையள் எப்பிடிச் சேருகினம்? எல்லாருமா ஓட்டக்காரர்? ஓடத் தெரியாதவன் இல்லம் சோடிக்கிறான், தென்னோலை வெட்டுறான், கயிறு இழுக்கிறான், அணிநடையில நடக்கிறான். ஆனா புள்ளிப் பலகையில தன்ர இல்லத்தின்ர நிறம் ஏறுதோ எண்டு எல்லாரும் பாக்கினம். ஜிம்மையும் அப்பிடி மூண்டு இல்லமாப் பிரிச்சு விடுங்கோ. பழைய ஆள், புது ஆள், ஐம்பது வயசுக்காரர், காலமை வாற பெண்கள் எல்லாம் கலந்து. கிழமையில மூண்டு நாள் வந்தா புள்ளி. நாலாம் நாள் வந்தாலும் புள்ளி கூடாது, இல்லாட்டி விசர் பிடிச்ச பெடியள் ஏழு நாளும் வந்து தசையைக் கிழிச்சு, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போய், சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டு வருவாங்கள். அது பகிடியில்லை, தசை உடைஞ்சு இரத்தத்தில கலந்தா அதுதான் நடக்கும். மாசத் தொடக்கத்தில தண்டால் ஒண்டும் முழுசா எடுக்கேலாதவன் மாச முடிவில நாலு எடுத்தா அவன்ர இல்லத்துக்கு முழுப் புள்ளி. 60 எடுக்கிறவன் 61 எடுத்தா அவனுக்கும் உரியது குடுங்கோ. ஆரின்ர எடையும் பலகையில வரத் தேவையில்லை.

காலத்தையும் பாக்கோணும். நீங்கள் வைச்சது மாசியில. காலபோக நெல் அறுவடை. கண்டாவளை, முரசுமோட்டை, வட்டக்கச்சிப் பக்கத்துப் பெடியள் இரவு இரவா மெசினோட வயலுக்க நிக்கிற நேரம். அவனுக்கு எங்கால 30 நாள்? பங்குனியில அறுவடை முடிஞ்சு கையில நாலு காசு வந்த பிறகு தொடங்கியிருந்தா சித்திரை வருசத்துக்கு முடிச்சிருக்கலாம்.

இவ்வளவையும் நான் போட்டிக்கு முதல் கிழமையே உங்களிட்டச் சொன்னனான். "பாப்பம் அண்ணை" எண்டனீங்கள். பாத்தது என்னத்தை? போத்தலை.

பழைய விசில்:
நான் பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் படிப்பிச்சு ஓய்வு பெற்றவன். கண்டாவளையான் சொன்ன இல்லக் கதை சரி. எண்டாலும் போட்டி எண்டா அளவு எல்லாற்ற கண்ணுக்கும் தெரியோணும். எதிர்வீரசிங்கம் 1958இல ரோக்கியோ ஆசிய விளையாட்டில உயரம் பாய்ஞ்சு இலங்கைக்குத் தங்கம் கொண்டு வந்தார். 2.03 மீற்றர். தடி விழுந்தா விழுந்தது, நிண்டா நிண்டது. ஒருத்தரும் போத்தல் தேடேல்லை.

ஏ9 லொறி:
உதுக்கும் யாழ்ப்பாணத்தாரைத்தான் இழுக்கோணுமோ சேர்? வன்னியில ஓடிப் பாய்ஞ்ச ஒருத்தரையும் தெரியாதோ?

பழைய விசில்:
என்ர கையால 31 வருசம் வன்னிப் பிள்ளையளுக்கு விசில் ஊதினனான். மரநிழல்ல, சப்பாத்தில்லாமல் ஓடின பிள்ளையளுக்கு. ஆரை எனக்குத் தெரியும், தெரியாது எண்டு நீர் படிப்பிக்க வேண்டாம்.

பாலைப்பழம்:
ஒருத்தரும் கவனிக்காத ஒண்டு. கிலோவில பாக்காமல் வீதத்தில பாத்தா: 96.4இல 6.4 எண்டால் 6.6 வீதம். 84.2இல 5.8 எண்டால் 6.9 வீதம். போத்தலே இல்லாமல் கண்டாவளை அண்ணைதான் முதலாவது. பாரமான ஆளுக்குக் கிலோ கெதியா இறங்கும், அதாலதான் கன இடங்களில வீதம் பாக்கினம்.

பரந்தன் பெடி:
அப்ப முடிஞ்சுது! போத்தலை விட்டிட்டு வீதத்தைப் பிடியுங்கோ அண்ணை.

கண்டாவளையான்:
வீதத்தால எனக்குக் கிண்ணம் வேண்டாம். வீதத்தால தந்தால், "சட்டத்தை மாத்தி வாங்கினவன்" எண்டு நாளைக்குச் சந்தியில கதைப்பாங்கள். போத்தல் குடிச்சது பிழை எண்டு மாஸ்ரர் வாயால சொல்லோணும். அவ்வளவுதான்.

இரும்பு மாஸ்ரர்:
குடிச்சது வகுப்புக்குப் பிறகு. நூறு தரம் கேட்டாலும் அதுதான். ஆனா ஒண்டு கேக்கிறன். கடைசி நிறுவைக்கு முதல் ரெண்டு நாள் நீங்கள் தண்ணி குடிக்காமல், ரெண்டு ரீசேட்டுக்கு மேல மழைக் கோட்டும் போட்டுக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டில ஓடினதா ஒரு கதை. அது என்ன?

கண்டாவளையான்:
ஓடினது என்ர வேர்வை. அதை ஒருத்தருக்கும் தெரியாமல் செய்யேல்லை, பட்டப்பகலில ஓடினனான். தண்ணியை ஒளிச்சுக் குடிச்சவனோட என்னை ஒப்பிடாதேங்கோ.

முல்லை அலை:
அந்த வெயிலுக்க தண்ணியில்லாமல் மழைக் கோட்டோடயோ? அண்ணை, அதில ஆக்கள் விழுந்து செத்தும் இருக்கினம். கிண்ணத்துக்காகவோ?

கண்டாவளையான்:
கிண்ணத்துக்காக இல்லைத் தங்கச்சி. என்ர மகள் முதல் நாள் வந்து பாத்தவள். "அப்பா வெல்லுவார்" எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லிப்போட்டாள்.

இரும்பு மாஸ்ரர்:
வாற மாசம் முதல் சனி காலம்பற 6 மணிக்கு அடுத்த போட்டிக்கு நிறுவை. எடை குறைப்புத்தான், 30 நாள்தான். விரும்பினவை பேர் தரலாம்.

கண்டாவளையான்:
நான் ஐஞ்சரைக்கே வந்து யன்னலடியில நிப்பன். ஆர் போத்தலோட வருகினம் எண்டு பாப்பம்.

பாலைப்பழம்:
அப்ப அண்ணையும் சேருறியளோ?

கண்டாவளையான்:
சேருறதும் சேராததும் வேற கதை. நீல மூடிக்கு இன்னும் பதில் வரேல்லை.