'அபே ரோடு' தொகுப்பை மெம்ஃபிஸ் குழு வாசித்தது: எனக்கு மட்டும்தான் பிடிபடவில்லையா?

தாளம் தப்பியவன்:
பீட்டில்ஸின் 'அபே ரோடு' எனக்கு மனப்பாடம். நண்பர் சொன்னாரே என்று, அதன் பாட்டுகளை அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக் குழுவான புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் வாத்தியத்தில் வாசித்த 'மெக்லெமோர் அவென்யூ' தொகுப்பைக் கேட்டேன். 1970இல் வந்தது, மூலம் வெளியாகி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். பாடுகிற குரலே இல்லை, வரிசையும் மாறிக் கிடக்கிறது, இசைத்தட்டின் முதல் பக்கத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே ஓட்டம், எங்கே எந்தப் பாட்டு முடிந்தது என்று தேடியே களைத்துப்போனேன். ஓட்டல் லாபியில் ஓடவிடும் இசை மாதிரி இருந்தது. இதில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு பேர் கொண்டாடுகிறீர்கள்?

பழைய தட்டு:
வரியைத் தேடிக்கொண்டு கேட்டால் அப்படித்தான் இருக்கும். நாதஸ்வரத்தில் கீர்த்தனை கேட்கும்போது வார்த்தை எங்கே என்றா கேட்கிறோம்? பாடுபவர் நீட்டும் இடத்தை புக்கர் டி ஜோன்ஸின் ஆர்கன் எப்படி வாங்கிக்கொள்கிறது, ஸ்டீவ் கிராப்பரின் கிட்டார் எங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் வரிசை. பீட்டில்ஸ் கடைசியில் வைத்த 'கோல்டன் ஸ்லம்பர்ஸ்' பகுதியில் இவர்கள் ஆரம்பிக்கிறார்கள், தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். 'ஓ டார்லிங்'கை விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. 'அபே ரோடு' தொகுப்பிலேயே சோல் என்கிற கறுப்பின அமெரிக்கர்களின் இசைக்குப் பக்கத்தில் நிற்பது அதுதானே!

கடைசி பெஞ்ச்:
இது ஏதோ ஒரு நகல் குழு இல்லை சார். மெம்ஃபிஸில் ஒரு பழைய சினிமா தியேட்டரை ஸ்டூடியோவாக மாற்றியிருந்த ஸ்டாக்ஸ் இசைத்தட்டு கம்பெனியின் சொந்த வாத்தியக்காரர்கள், சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங் பின்னால் வாசித்தவர்களும் இவர்கள்தான். இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். 1960களில் அந்த ஊரில் அது சாதாரண விஷயமில்லை. ஸ்டூடியோ இருந்த தெருதான் மெக்லெமோர் அவென்யூ, அட்டைப்படத்தில் அதைத்தான் நால்வரும் கடக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் 1966இல் பீட்டில்ஸே அங்கே போய்ப் பதிவு செய்யப் பார்த்தார்கள், நடக்கவில்லை.

லாபி இசை என்றதற்கு ஒரு பதில்தான்: ஆல் ஜாக்சனின் டிரம்ஸ். ஸ்னேர் என்கிற டிரம்மின் அடி ஒரு மயிரிழை தாமதமாக விழும், அவசரமே கிடையாது, ஆனால் உட்கார்ந்திருக்கவும் விடாது. முதலில் 'சம்திங்' மட்டும் போடுங்கள், மற்றதோடு கோக்காமல் தனிப் பாட்டாக நிற்பது அது ஒன்றுதான். அதற்கும் முன்னால், ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டை ஓடிஸ் 1965இல் பாடியதைக் கேளுங்கள். கிட்டார் வாசித்த இடத்தை ஊதுகருவிகள் பிடித்துக்கொள்ளும், கேட்டால் அது ஓடிஸின் பாட்டுதான் என்று சத்தியம் செய்வீர்கள்.

தாளம் தப்பியவன்:
சரி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு டக் டன்னின் பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்தபடி முதல் பக்கத்தை மறுபடி கேட்டேன். லாபி என்றதை முக்கால்வாசி வாபஸ் வாங்குகிறேன். ஓடிஸ் இன்று இரவு.