லாப்ரடாருக்கு மருத்துவக் காப்பீடு: மூன்று பாலிசிகளில் எதை எடுப்பது?

வில்லிவாக்கம் மல்லிகா:

வணக்கம். எங்கள் பட்டு லாப்ரடார் பெண் நாய். வரும் ஆவணியில் மூன்று வயது நிறைகிறது. அவள் சாப்பிட்ட தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது. போன மாதம் ஒரு காலையில் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் கிரைண்டர் ஓரமாகப் படுத்துக்கொண்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளிறிக் கிடந்தது. காது மடிப்பைப் புரட்டினால் மிளகு அளவில் இரண்டு உண்ணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

உண்ணிக் காய்ச்சல்தான். ரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிவிட்டன. நான்கு நாள் டிரிப்ஸ், பிறகு 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை. மொத்தம் 14,600 ரூபாய். என் கணவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளிச் சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் கட்டினோம். பிழைத்தாள், அதுவே போதும். ஆனால் அடுத்த முறை பணத்துக்காக ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஓர் ஏஜென்ட், அரசு நிறுவனப் பாலிசி என்று ஆண்டுக்கு 1,300 ரூபாய் சொன்னார். தனியார் நிறுவனம் ஒன்றில் அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் 40,000 ரூபாய் வரை தருவார்களாம், பிரீமியம் 3,900. இன்னொன்றில் அதோடு வெளிநோயாளிச் செலவும் சேர்த்து 6,700 கேட்கிறார்கள். எதை எடுப்பது? ஏற்கெனவே வந்த உண்ணிக் காய்ச்சல் திரும்பி வந்தால் பணம் தருவார்களா? எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோடு கண்ணன்:

அக்கா, நான் பாலிசியே வேண்டாம் என்று இருந்தவன். அஞ்சலகத்தில் மாதம் 500 ரூபாய் தொடர் வைப்பு போட்டேன். ஒன்பதாவது மாதம் எங்கள் ஜிம்மி மக்காச்சோளக் கட்டையை அப்படியே விழுங்கிவிட்டான். குடல் அடைத்து இரண்டு நாள் விடாமல் வாந்தி. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், 32,000 ரூபாய் ஆனது. என் கணக்கில் இருந்தது 4,500. சேமிப்பு நல்லதுதான், ஆனால் அது வளரும்வரை நோய் காத்திருப்பதில்லை. லாப்ரடார் கண்டதையும் விழுங்கும் இனம். அறுவை சிகிச்சைக்குப் பணம் தரும் பாலிசியை விட்டுவிடாதீர்கள்.

பணிநிறைவு பெற்ற காப்பீட்டு அலுவலர், திருச்சி:

அம்மா, அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த 1,300 ரூபாய்ப் பாலிசியின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நியூ இந்தியா, ஓரியன்டல் போன்ற நிறுவனங்களில் நாய்ப் பாலிசி நெடுநாளாகவே உண்டு. அது மாட்டுக் காப்பீட்டின் தம்பி. மாட்டுக்குக் காதுவில்லை போட்டு, செத்தால் சந்தை விலையைக் கொடுப்பார்கள் அல்லவா? அதே கணக்குத்தான். விபத்திலோ நோயிலோ நாய் இறந்தால் பணம் வரும். டிரிப்ஸுக்கு வராது. விலை உயர்ந்த நாயை வாங்கி இனவிருத்தி செய்பவருக்கு அது பொருந்தும். உங்களுக்கு வேண்டியது பட்டு பிழைப்பதற்கான பணம். அந்த ஏஜென்டிடம் "மருத்துவச் செலவு எந்தப் பிரிவில் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். விரலை வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் வேண்டாம்.

மருத்துவமனைச் செலவைத் தரும் பாலிசிகளைத் தனியார்தான் பரவலாக விற்கிறார்கள். பஜாஜ் 2020-இல் கொண்டுவந்தது. டிஜிட், எச்டிஎஃப்சி எர்கோ ஆகியவையும் விற்கின்றன. அடிப்படைப் பாலிசி ஒன்று இருக்கும். வெளிநோயாளிச் செலவு, தொலைந்துபோதல், பிறரைக் கடித்தால் வரும் இழப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பிரீமியத்தை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். பாலிசி எடுத்த பிறகு பணம் கேட்க முடியாத காத்திருப்புக் காலம் எத்தனை நாள், செலவுப் பணத்தைக் கேட்கும் ஒவ்வொரு கிளைமிலும் நம் பங்கு எவ்வளவு, எந்த வயதுக்குமேல் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெரிய உடல்வாகு கொண்ட இனங்களுக்கு வயது வரம்பைக் குறைத்து வைப்பார்கள். மூன்று வயதிலேயே யோசிப்பது நல்லது. ஏழு வயதில் வந்து கேட்பவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், மனம் கேட்காமல்.

உண்ணிக் காய்ச்சலை மறைக்காதீர்கள். படிவத்தில் கேட்டால் தேதியோடு எழுதுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால், காலில் அடிபட்டதற்கான கிளைமைக்கூட நிராகரிக்க அது வழிவிடும்.

வேளச்சேரி சுமதி:

மல்லிகா அக்கா, எங்கள் வீரன் ராஜபாளையம். ஆழமான மார்புக்கூடு உள்ள நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும். அவனுக்கு ஓர் இரவு அப்படித்தான் ஆனது. வயிறு மத்தளம் போல உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று வெறும் எச்சில்தான் வந்தது. அந்த இரவே அறுவை சிகிச்சை செய்ததால் பிழைத்தான்.

பில் 41,000. நாம் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும், அதனால் பாலிசி இருந்தாலும் அன்றைக்குக் கையில் பணம் வேண்டும். இதை எந்த ஏஜென்டும் அழுத்திச் சொல்வதில்லை. எங்கள் கிளைமை இரண்டு மாதம் நிறுத்திவைத்தார்கள். ஒன்று, பில்லில் மருத்துவரின் பதிவு எண் இல்லை. மற்றொன்று, தடுப்பூசி அட்டை. ஊசி போட்ட தேதி எழுதியிருந்தது, ஆனால் மருந்துக் குப்பியிலிருந்து எடுத்து ஒட்டும் சிறு சீட்டு இரண்டு வரிசைகளில் இல்லை. வயிற்று முறுக்கலுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம் என்று அழுதுகொண்டே கேட்டேன். அட்டை முழுமையாக இருக்க வேண்டும் என்பதே பதில். மருத்துவர் தன் பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் கொடுத்த பிறகுதான் 33,200 வந்தது. வராமல் போயிருந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக இருந்தேன். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஆனால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பட்டுவுக்குக் கருத்தடை செய்துவிட்டீர்களா? செய்யாத பெண் நாய்களுக்குச் சினைப்பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. நிறைய தண்ணீர் குடிப்பாள், சோர்ந்து கிடப்பாள். சில நேரம் வெளியே எதுவுமே கசியாது. கருத்தடைக்கு இந்தப் பாலிசிகள் பொதுவாகப் பணம் தருவதில்லை. என்றாலும் பாலிசிக்கு முன்பு அதைச் செய்துவிடுங்கள். பணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே? 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. காலையில் வெகுநேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஆனால் வீரனின் தையலைப் பிரித்தது அங்கேதான். தனியார் இடத்தில் ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆனது.

வில்லிவாக்கம் மல்லிகா:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி ஏஜென்டிடம் மருத்துவச் செலவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை. அதை விட்டுவிட்டேன்.

மற்ற இரண்டின் முழு விதிகளையும் கேட்டு வாங்கி, நானும் கணவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு ராத்திரி பதினோரு மணி வரை படித்தோம். வெளிநோயாளிச் செலவு தரும் பாலிசியில் அந்தப் பிரிவுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய்தான் உச்சம். ஒவ்வொரு முறையும் முதல் 500 நம்முடையது. அதற்காக 2,800 கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த 2,800-இல் ஆண்டு முழுவதற்கும் உண்ணி மருந்து வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டோம். 3,900 ரூபாய்ப் பாலிசியையே எடுக்கிறோம். உண்ணிக் காய்ச்சலைப் படிவத்தில் எழுதிவிட்டேன். அது திரும்பி வந்தால் முதல் ஆண்டில் தர மாட்டார்களாம். மின்னஞ்சலில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், அது எனக்கு நிம்மதி. கண்ணன் தம்பி, உங்கள் 500 ரூபாய் வைப்பையும் தொடங்குகிறேன், முதலில் கட்டும் பணத்துக்காக.

சுமதி எழுதியதைப் படித்ததும் பட்டுவின் அட்டையை எடுத்துப் பார்த்தேன். போன ஆண்டு வெறிநாய்க்கடி ஊசிக்கு எதிரே தேதி மட்டும் இருக்கிறது. சீட்டு இல்லை, கையெழுத்தும் இல்லை. திங்கட்கிழமை மருத்துவரிடம் போகிறோம். கருத்தடைக்கும் அன்றே நாள் கேட்கப்போகிறேன். மாநகராட்சி உரிமத்துக்காகப் போட்ட மைக்ரோசிப் எண்ணையே பாலிசியிலும் எழுதலாமா? யாருக்காவது தெரிந்தால் திங்கட்கிழமைக்கு முன் சொல்லுங்கள்.

வேளச்சேரி சுமதி:

அதே எண்தான் அக்கா. பதினைந்து இலக்கம் இருக்கும். மருத்துவரிடம் ஸ்கேனர் வைத்து ஒருமுறை படிக்கச் சொல்லி, சான்றிதழில் இருப்பதோடு ஒத்துப்பார்த்துவிட்டு எழுதுங்கள். வீரனுக்கு ஓர் இலக்கம் மாறியிருந்தது.