உலர்த்திய எறும்பு மாதிரிகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளருடன் மாற்றிக்கொள்ளலாமா?

தென்னந்தோப்பு:
அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் தோப்பிலும் அதன் வரப்புகளிலும் கிடைக்கும் எறும்புகளைப் பதப்படுத்திச் சேர்த்து வருகிறேன். முசுறு, கட்டெறும்பு என்று தொடங்கியது, இன்று ஏறத்தாழ நாற்பது இனங்கள் ஊசியேறி நிற்கின்றன. அவற்றுள் நீண்ட தாடையும் பெரிய கண்களும் கொண்டு தாவித் தாவி இரை பிடிக்கும் ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டரும் உண்டு. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1851இல் விவரித்த இனம் அது. ஜெர்மனியிலுள்ள ஒரு சேகரிப்பாளர், அதில் ஆறு வேலைக்கார எறும்புகளை அனுப்பினால், தென் அமெரிக்க இலைவெட்டி எறும்பான ஆட்டாவின் பெருந்தலைப் படைவீரர்களைத் தருவதாக எழுதியிருக்கிறார். பணம் கைமாறவில்லை, எறும்புகள் உயிருடன் இல்லை, நிலமும் எங்களுடையது. இதில் சிக்கல் ஏதும் உண்டா? எப்படிக் கட்டி அனுப்புவது?

கரையான்புற்று:
அனுப்பாதீர்கள் ஐயா. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, இந்தியாவில் காணப்படும் உயிரியல் வளத்தை வெளிநாட்டவர் ஆராய்ச்சிக்காகவோ வணிகத்துக்காகவோ பெற வேண்டுமானால், சென்னையில் இயங்கும் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். உயிரினத்தின் உடற்பகுதியும் வளம் என்றே அச்சட்டம் கொள்வதால், செத்த எறும்பு என்பது விலக்காகாது. சொந்தத் தோப்பு என்பதும் அப்படியே. ‘இது ஆராய்ச்சியும் இல்லை, வணிகமும் இல்லை, வெறும் பொழுதுபோக்கு’ என்று வாதிடலாம் என்பார்கள். அந்த வாதத்தைச் சுங்க அதிகாரியின் மேசையில் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. 2008இல் டார்ஜிலிங் மாவட்டத்தின் சிங்கலிலா பகுதியில் பூச்சி பிடித்த செக் நாட்டவர் இருவர் கைதாகித் தண்டனை பெற்றார்கள். உயிருள்ள எறும்புகளைப் பற்றியதுதான் என்றாலும், கென்யாவில் 2025இல் நடந்ததையும் நினைவில் வையுங்கள்: ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளைப் பஞ்சடைத்த குழாய்களில் கொண்டுசெல்ல முயன்ற நால்வருக்கு ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். எறும்புதானே என்று எவரும் விட்டுவிடவில்லை.

முசுறுக்கூடு:
முந்தைய பதிலை வழிமொழிகிறேன். உள்நாட்டிலேயே மாற்றிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் அனுமதியின்றிப் பிடித்தவை மட்டும் கைமாறக் கூடாது. ஆனால் அதற்கு முன், ஒவ்வொரு எறும்பின் கீழும் ஊசியில் குத்திய உங்கள் விவரச் சீட்டுகளைப் பாருங்கள். இந்தத் துறையில் உண்மையில் கைமாறுவது எறும்பன்று, சீட்டு. ஒருமுறை நல்ல விலை கொடுத்து ஒரு பெட்டி வாங்கினேன். அழகாகக் கால் விரித்த பதினெட்டு எறும்புகள், ஒவ்வொன்றின் கீழும் ‘தென்னிந்தியா’ என்ற ஒரே சொல். இன்றுவரை அவை அலங்காரப் பொருள்கள்தாம். ஊர், மாவட்டம், ஆயத்தொலைவு, உயரம், நாள், பிடித்தவர் பெயர், மட்டையின் அடியிலா, மரப்பட்டையிலா, மண்ணிலா என்ற விவரம் ஆகியவை இருந்தால்தான் வாங்குபவர் அதை நம்பி இனம் பிரிக்க முடியும். ஒரே புற்றிலிருந்து எடுத்தவற்றைப் பிரிக்காமல் ஓர் ஊசியில் இரண்டு, மூன்று என்று ஏற்றுங்கள்.

ஒட்டும் முறையையும் கவனியுங்கள். எறும்பின் உடலில் ஊசியைக் குத்துவதில்லை. ஊசியில் முக்கோண அட்டைத் துண்டைச் செருகி, அதன் கூர்நுனியில் நீரில் கரையும் பசையைத் துளியளவு தொட்டு, நடுக்கால்களும் பின்கால்களும் உடலோடு சேரும் இடத்துக்கு அடியில் ஒட்ட வேண்டும். பசை வழிந்து இடுப்புக் கணுவை மூடிவிட்டால், உருப்பெருக்கியில் எதைப் பார்த்து இனம் சொல்வது? விரல்நகப் பூச்சினால் ஒட்டி அனுப்பும் அன்பர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இழை முடியாது.

ஊசிப்பெட்டி:
எறும்புகளை எத்தனால் என்ற சாராயத்தில் ஊறவைத்து அஞ்சலில் அனுப்ப முடியாது. எளிதில் தீப்பற்றும் பொருள் என்று தடை. ஊசியேற்றியதையே அனுப்புங்கள். ஊசி அடிநுரையில் ஆழமாக இறங்க வேண்டும், கனமான மாதிரி சுழலாமல் இருபுறமும் வெற்று ஊசிகளை அண்டைகொடுக்க வேண்டும், அந்தப் பெட்டி பஞ்சு நிறைந்த இன்னொரு பெட்டிக்குள் போக வேண்டும். வந்து சேரும் பெட்டி எதுவாயினும், உங்கள் சேகரிப்போடு சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். ஊசியின் அடியில் பழுப்புப் பொடி உதிர்ந்திருந்தால் உலர்ந்த பூச்சிகளைத் தின்னும் தோல்வண்டின் புழு உள்ளே வந்துவிட்டது என்று பொருள். ஒரு மழைக்காலத்தில் எனது இரண்டு தட்டுகளை அது வெறும் ஊசிகளாக்கிவிட்டது.

தென்னந்தோப்பு:
மூவருக்கும் நன்றி. ஜெர்மானியருக்கு மறுத்து எழுதிவிட்டேன்; படங்கள் போதுமா என்று கேட்டிருக்கிறேன். நேற்றிரவு சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்ததில் பதினொன்றில் ‘தோப்பு, மழைக்குப் பின்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது. எழுதியவன் நானேதான். பழைய நாட்குறிப்போடு ஒப்பிட்டு, பிடித்த நாள் எதுவென்று மீட்க முடிந்தவை நான்கு. மற்ற ஏழு மாதிரிகளையும் மாற்றுக்கு வைக்கப் போவதில்லை. சால்டேட்டரில் முழுச் சீட்டுடன் ஒரே புற்றின் மூன்று வேலைக்கார எறும்புகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்குள் பாலிராக்கிஸ் என்ற எறும்பு வகையை வைத்திருப்பவர்கள் தனிமடலில் எழுதுங்கள்.